சாத்தேயும் சதையும்: ஒரு சொற்பிறப்பு உரிமைகோரல் பற்றிய மதிப்பீடு

இந்தோனேசியச் சிறுகதை ஒன்றின் தமிழ் மொழிபெயர்ப்பைச் சில ஆண்டுகளுக்கு முன்னர்ப் பார்வையிடும் வாய்ப்பு இக்கட்டுரையாளருக்குக் கிட்டியது. கதையில் வரும் சிறுவன் மாலைப்பொழுதில் தெருமுனைத் தள்ளுவண்டிக்காரரிடம் பத்துக் குச்சி ‘சாத்தே’ வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறான். மொழிபெயர்ப்பாளர் அவ்விடத்தைப் ‘பத்துக் குச்சிச் சதை வாங்கினான்’ என்று எழுதியிருந்தார். காரணம் வினவியபோது, ‘அது நம்முடைய சொல்தானே, நம் சொல்லை நாமே அயல்மொழி வடிவில் எழுதுவானேன்?’ என்றார். அவரிடம் குறைகாண இயலவில்லை. மலாய் மொழியிலும் இந்தோனேசிய மொழியிலும் வழங்கும் சாத்தே என்னும் சொல் தமிழ்ச் ‘சதை’யிலிருந்து பிறந்தது என்று கலைக்களஞ்சியங்களும் சில ஆங்கில அகராதிகளும் எழுதுகின்றன, நம்மவர் கட்டுரைகளும் மேடைப்பேச்சுகளும் அதனை ஐயத்துக்கு இடமற்ற செய்தியாகவே வழங்கி வருகின்றன. ஒரு சொற்பிறப்புக் கருத்து மொழிபெயர்ப்புப் பனுவலுக்குள் நுழைந்து, கதையில் வரும் சிறுவனின் கையிலிருந்த பண்டத்தையே மாற்றிவிட்டது. ஆகவே இக்கருத்து எத்துணை வலிமையுடையது என்பதை மொழியியல் நெறிநின்று ஆராய்வது பயனுடையதாகும்.

சிறு துண்டுகளாக நறுக்கிய இறைச்சியை மசாலையில் ஊறவைத்து, மூங்கிற் குச்சியிலோ தென்னை ஈர்க்கிலோ கோத்து, கரிக்கனலில் வாட்டி, பெரும்பாலும் வேர்க்கடலைக் குழம்புடன் உண்பது சாத்தே. சாவகம், சுமத்திரா, மதுரா, பாலி முதலிய தீவுகளிலும் மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளிலும் இது பெருவழக்கு. சாவக மொழியிலும் இந்தோனேசியப் பேச்சுவழக்கிலும் இச்சொல் ஏகாரத்தில் முடியும். ‘ஆய்’ என முடியும் சாத்தாய் என்னும் வடிவமும் மலாயில் உண்டு. சிங்கப்பூர், மலேசியத் தமிழர் ‘சாத்தே’, ‘சத்தே’ என்று எழுதுவர். அவ்வெழுத்துமுறை இவ்வாராய்ச்சிக்கு ஒரு சான்றாகவே அமையும் என்பது பின்னர்ப் புலப்படும்.

முதற்கண் இக்கருத்துக்குச் சார்பானவற்றை நேர்மையாக எடுத்துரைத்தல் வேண்டும். தமிழருக்கும் மலாய்த் தீவுகளுக்கும் இருந்த தொடர்பு கற்பனையன்று. ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினரின் தமிழ்க் கல்வெட்டு சுமத்திராவின் பாருசுப் பகுதியில் கிடைத்துள்ளது; அதன் காலம் கி.பி. 1088. மலாய் மொழியில் தமிழ்க் கடன்சொற்கள் பல உள. கடை, கப்பல், கட்டில், பெட்டி, திரை, முதல் ஆகியன அங்கே அன்றாடச் சொற்களாக வாழ்கின்றன. உணவுப் பெயர்களிலும் ஆப்பம், புட்டு, கஞ்சி, மாம்பழம் ஆகியன கடல் கடந்து சென்றுள்ளன. பொருள் நிலையிலும் ஒரு சார்பு உண்டு. இறைச்சிக் கடையில் நிற்கும் தமிழர் இன்றும் ‘எலும்பில்லாமல் சதையாகப் போடுங்கள்’ என்றே கேட்கின்றனர். எலும்பு நீக்கிய துண்டு என்னும் இப்பொருள் குச்சியில் கோக்கும் துண்டுக்கு நன்கு பொருந்தும். எனவே இக்கருத்தை வெறும் ஒலியொப்புமை என்று எடுத்த எடுப்பிலேயே தள்ளுதல் தகாது.

எனினும் தொடர்பு இருந்தது என்பது ஒன்று. குறித்த ஒரு சொல் அத்தொடர்பின் வழியே சென்றது என்பது வேறொன்று. பின்னதற்குத் தனிச்சான்று வேண்டும். அச்சான்றை ஒலியொழுங்கிலேயே முதலில் தேடவேண்டும்.

ஒலியொழுங்கு காட்டுவது

தமிழில் வல்லெழுத்து மொழிமுதலிலும் இரட்டித்த இடத்தும் ஒலிப்பின்றியும், உயிர்களுக்கிடையே தனித்து வருமிடத்து ஒலிப்புடனும் ஒலிக்கும் என்பது கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் விரிவாக விளக்கியது. ஒலியியல் பயின்றார் யாவரும் அறிந்தது. நம் எழுத்து இவ்வேறுபாட்டைக் காட்டாது. நம் செவியும் அதனைப் பொருட்படுத்தாது. ஆனால் மலாய் மொழியில் ஒலிப்புடை ஒலியும் ஒலிப்பிலா ஒலியும் வெவ்வேறு ஒலியன்கள். ஆகவே தமிழ்ச் சொல்லைக் கடன்கொண்ட மலாய்ச் செவி அதன் ஒலிப்பைத் தவறாது குறித்துக்கொண்டது. தமிழ் எழுத்து மறைப்பதை மலாய் எழுத்து வெளிப்படுத்துகிறது எனலாம்.

கடன்சொற்களை இவ்வடிப்படையில் நிரல்படுத்தினால் இரு தொகுதிகள் தெளிவாகப் பிரிகின்றன. கட்டில், பெட்டி, கப்பல், ஆப்பம், சுருட்டு ஆகியவற்றில் வல்லெழுத்து இரட்டித்துள்ளது. இவை மலாயில் ஒலிப்பிலா ஒலியுடனேயே காத்தில், பெத்தி, காப்பால், ஆப்பம், செருத்து என வழங்குகின்றன. கடை, முதல், வகை, மாளிகை ஆகியவற்றில் வல்லெழுத்து உயிர்களுக்கிடையே தனித்து நிற்கிறது. இவை கெடாய், மோடால், பாகாய், மாலிகாய் என்று ஒலிப்புடை ஒலியுடன் வழங்குகின்றன. (இங்கு மலாய்ச் சொற்களைத் தமிழில் எழுதுங்கால் ஒலிப்பிலா ஒலியை இரட்டித்தும் ஒலிப்புடை ஒலியை ஒற்றையாகவும் எழுதியுள்ளோம். கெடாய், மோடால் ஆகியவற்றின் டகரம் நாமடி ஒலியன்று. நுனிநா ஒலிப்புடை ஒலி.) ‘முதல்’ என்னும் சொல் இங்குச் சிறப்பாக நோக்கத்தக்கது. அதன் இடையில் நிற்பதும் சதையின் இடையில் நிற்பதும் ஒரே தகரம், ஒரே சூழல். முதலின் தகரம் மலாயில் ஒலிப்புடை ஒலியாயிற்று.

அங்ஙனமாயின் ‘சதை’ மலாய்க்குச் சென்றிருந்தால் அதன் தகரமும் ஒலிப்புடை ஒலியாகவே ஆகியிருத்தல் வேண்டும். எதிர்பார்க்கத்தக்க வடிவம் சாடாய் அல்லது சாடே. கிடைக்கும் வடிவமோ சாத்தே. இதன் தகரம் மலாயிலும் சாவகத்திலும் ஐயமற ஒலிப்பிலாதது. மேற்காட்டிய ஒழுங்கின்படி இதற்கு மூலமாக அமையத்தக்க தமிழ் வடிவம் ‘சத்தை’யாகும், ஊன் என்னும் பொருளில் அவ்வாறொரு சொல் தமிழில் இல்லை. சிங்கப்பூர்த் தமிழர் தகரத்தை இரட்டித்துச் ‘சாத்தே’ என எழுதுவதன் உட்பொருளும் இதுவே. மலாய்க்காரருடன் தலைமுறைகளாக ஒரே தெருவில் வாழ்ந்து, அப்பண்டத்தை நாள்தோறும் கண்ணுறும் தமிழரின் செவி அச்சொல்லில் சதையைக் கேட்கவில்லை. அகராதி வழியாக அறிந்தவர்க்கே அஃது அவ்வாறு கேட்கிறது.

இத்தடையைக் கடக்க ஒரு வழி உண்டு. இக்கருத்தினர் அதனை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. தசை என்பதே மூலவடிவம். சதை அதன் எழுத்து நிலைமாற்றம். ஞிமிறு மிஞிறு எனவும், சிவிறி விசிறி எனவும் வருவதோடு தசை சதையாவதையும் இலக்கண நூலார் எடுத்துக்காட்டுவர். தசையில் தகரம் மொழிமுதலில் நிற்பதால் அஃது ஒலிப்பிலா ஒலி. தசை என்னும் வடிவமே கடல் கடந்து சென்று, நிலைமாற்றம் தமிழில் நிகழ்ந்ததுபோலவே மலாய் மண்ணிலும் தனியே நிகழ்ந்திருந்தால், ஒலிப்பிலாத் தகரத்துடன் கூடிய சாத்தாய் கிடைக்கும். ஒலியளவில் இது குற்றமற்ற விளக்கம். ஆயினும் இரு மொழிகளில் ஒரே சொல்லில் ஒரே நிலைமாற்றம் தனித்தனியே நேர்ந்தது என்று கொள்ளவேண்டியிருக்கிறது. தாசாய் என்னும் இடைநிலை வடிவம் பழைய சுவடி ஒன்றிலேனும் வட்டார வழக்கு ஒன்றிலேனும் கிடைத்தாலன்றி இதனை ஏற்றல் அரிது.

ஈற்றைப் பற்றியும் ஒரு சொல். சாத்தாய் என்னும் வடிவின் ஈறு தமிழ் ஐகாரத்தை நினைவூட்டுவது உண்மை. கெடாய், திராய் போன்றவை அவ்வாறே முடிகின்றன. ஆயினும் ‘ஆய்’ ஈறும் ஏகார ஈறும் மாறி வருதல் மலாய் மொழிக்குள்ளேயே பரவலாகக் காணப்படும் இயல்பு. மிளகாயைக் குறிக்கும் சொல் சாபாய் எனவும் சாபே எனவும் வழங்கும். ‘வரை’ என்னும் பொருட்டாய சொல் எழுத்தில் சாம்பாய், பேச்சில் சாம்பே. எனவே சாவகச் சாத்தேயே மூலமாக இருந்து, மலாய் எழுத்தாளர் அதனைச் செம்மைப்படுத்துவதாக எண்ணிச் சாத்தாய் என எழுதியிருக்கவும் கூடும். ஈற்றொப்புமையை மட்டும் கொண்டு எதனையும் நிறுவ இயலாது.

குச்சியா, ஊனா?

பொருளை நோக்குமிடத்து, சாத்தே என்பது அவ்விடத்து வழக்கில் இறைச்சியைக் குறிப்பதாகத் தோன்றவில்லை. இந்தோனேசியத் தெருக்களில் சிப்பிச் சாத்தே, காடை முட்டைச் சாத்தே, குடல் சாத்தே, சோயாக்கட்டிச் சாத்தே ஆகியன விற்கப்படுகின்றன. பாலித் தீவில் அரைத்த மீனையோ இறைச்சியையோ தேங்காய்த் துருவலுடன் பிசைந்து குச்சியைச் சுற்றி அப்பிச் சுடுகின்றனர், அதுவும் சாத்தேதான். இவற்றுக்குப் பொதுவானது ஊன் அன்று, குச்சியே. சதை என்னும் பொருள் காலப்போக்கில் தேய்ந்து குச்சிப் பண்டம் என்னும் பொருள் வளர்ந்தது என விடைகூறலாம். பொருள் விரிவு இயல்பானதே. ஆயினும் அதற்கு முற்பட்ட நிலை, அதாவது சாத்தே என்பது ‘ஊன்’ என்று பொருள்பட்ட நிலை, மலாய் வழக்கில் காட்டப்பட்டதா என்று வினவுதல் முறை. மலாயில் இறைச்சிக்கு வழங்கும் சொல் வேறு.

பிற மொழிகளில் இப்பண்டத்தின் பெயர்கள் எங்ஙனம் அமைந்துள்ளன என்று பார்ப்பதும் பயன்தரும். துருக்கியில் ‘சிசு’ என்பது கம்பி. சிசு கபாப் அதன் வழி வந்த பெயர். பாரசீகத்திலும் உருதுவிலும் ‘சீக்’ என்பது கம்பி. நம் ஊர் உணவகங்களிலும் சீக் கபாப் என்றே பலகை தொங்குகிறது. உருசியரின் ‘சசிலிக்’ கிரிமியத் தாத்தாரிலிருந்து வந்தது. கம்பிக்கு உரியது என்பது பொருள். கிரேக்கரின் ‘சுவ்லாக்கி’ சிறு கம்பி என்னும் பொருளது. போர்த்துக்கீசியரின் ‘எசுப்பெத்தாதா’வும் கம்பியைக் குறிக்கும் சொல்லடியாகப் பிறந்தது. வடமொழியில் சூலத்தில் கோத்துச் சுட்ட ஊனைச் ‘சூல்யம்’ என்பர். ஊனின் பெயரையே பண்டத்துக்கு இட்ட மொழி இவ்வரிசையில் இல்லை. இத்தகைய ஒப்பீடு எதனையும் முடிவாக நிறுவாது எனினும், உரிமைகோருவோர் தோளில் சுமையைக் கூட்டுகிறது.

‘கபாப்’ என்னும் சொல் மட்டும் இவ்வழியிலிருந்து விலகுகிறது. அஃது அரபு, பாரசீக மொழிகளின் வழியே இந்தியாவுக்கு வந்தது. எரித்தல், கருகச் செய்தல் என்னும் பொருளுடைய அக்காடிய வினையோடு அதனைத் தொடர்புபடுத்துவர். கி.பி. 10ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இப்னு சய்யார் அல்-வர்ராக் தொகுத்த சமையல் நூலில் கபாப் என்பது வாணலியில் வறுத்த அல்லது தீயில் சுட்ட இறைச்சித் துண்டு. அதாவது கபாபில் தீ உண்டு, குச்சி கட்டாயமன்று. இலக்னோவின் ‘கலாவட்டி’ கபாபும் ‘சாமி’ கபாபும் கம்பியைக் காணாதவை. சாத்தேயைக் ‘கபாப்’ என்று மொழிபெயர்ப்போரும் கபாபைக் ‘குச்சிக்கறி’ என்று மொழிபெயர்ப்போரும் இவ்வேறுபாட்டைக் கருதுதல் நலம்.

இங்கே தமிழுக்கு உண்மையாகவே உரிய ஒன்றைச் சுட்டாமல் செல்லவியலாது. பொருநராற்றுப்படையில் கரிகாலன் அவையில் விருந்துண்ட பொருநன், கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த ஊன்துண்டுகளின் வெம்மை தாளாது வாயின் இருபுறத்தும் மாற்றி மாற்றி ஒதுக்கி உண்டதைக் கூறுகிறான். கம்பிக்கு அங்கு வரும் சொல் ‘காழ்’. துண்டுக்கு வரும் சொல் ‘குறை’. உரையாசிரியர் காழை இரும்புக் கம்பியாகவே கொள்வர். தமிழனும் கம்பியில் கோத்துச் சுட்டான். அதனைக் கூறுமிடத்துக் கம்பியையும் சுடுதலையும் முதன்மைப்படுத்தினான். பண்டத்துக்குச் ‘சதை’ எனப் பெயரிடவில்லை. பெருமை வேண்டுவோர்க்கு இச்செய்தி போதும். அயலார் தட்டிலிருந்து ஒன்றை எடுக்கவேண்டுவதில்லை.

காலமும் வழியும்

சாத்தே சாவகத்தில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அராபியரும் இந்திய முசுலிம்களும் மிகுதியாகக் குடியேறியபோது தெருவணிகர் வழியே பரவியது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. சதைக் கருத்தினர் இதனையே தமக்குத் துணையாகக் கொள்கின்றனர். ஆனால் இவ்வரலாற்றோடு முரண்படும் செய்தி தென்னாப்பிரிக்காவில் உள்ளது. அங்கு ஆப்பிரிக்கான்சு மொழியில் கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சிக்குச் ‘சொசாத்தி’ என்று பெயர். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பினி 1652இல் நன்னம்பிக்கை முனையில் குடியேற்றம் அமைத்த பின்னர்த் தீவுகளிலிருந்து அடிமைகளாகவும் நாடுகடத்தப்பட்டவர்களாகவும் கொண்டுவரப்பட்ட மக்களின் சொல் அது என்று கொள்கின்றனர். ஆங்கிலேய ஆட்சியில் அங்கு அடிமை இறக்குமதி 1808இல் நின்றது. ஆகவே அவர்கள் கொண்டுவந்த சொல் 18ஆம் நூற்றாண்டிலேயே தீவுகளில் வேரூன்றியிருத்தல் வேண்டும். மேலும், பாலியில் இந்து சமயச் சடங்குகளின் படையலில் சாத்தே இடம்பெறுகிறது. முசுலிம் வணிகர் வழியே அண்மையில் வந்த தெருப்பண்டம் கோயிற் படையலுள் புகுவது எளிதன்று. இவை தமிழ்த் தொடர்பை மறுப்பன அல்ல. 1088இல் பாருசில் நின்ற வணிகர் வாயிலிருந்தும் சொல் சென்றிருக்கலாம் என ஒருவர் வாதிடலாம். ஆனால் அவ்வாறு வாதிடுவோர் 19ஆம் நூற்றாண்டுக் குடியேற்றத்தைச் சான்றாகக் காட்டும் உரிமையை இழக்கின்றனர். இரண்டையும் ஒருங்கே கைக்கொள்ளல் இயலாது.

சீனரிடையே வழங்கும் விளக்கம் ஒன்று நமக்கு நல்ல கண்ணாடி. ஒக்கியன் வழக்கில் ‘சா தே’ என்பது மூன்று துண்டு என்று பொருள்படும். ஒரு குச்சியில் மூன்று துண்டு கோப்பதால் இப்பெயர் வந்தது என்பர். குச்சியில் துண்டுகளின் எண்ணிக்கை ஊருக்கு ஊர் மாறுவது ஒருபுறமிருக்க, சீனர் இச்சொல்லை எழுதும் முறையே இவ்விளக்கத்தை மறுக்கிறது. தென்சீனத்தில் வழங்கும் ‘சாதே’ச் சாந்தின் பெயரை ‘மணல்’, ‘தேநீர்’ என்னும் பொருளுடைய இரு எழுத்துகளால் எழுதுகின்றனர். ஒக்கியனில் அவற்றின் ஒலி சா, தே. ‘மூன்று துண்டு’ என்பது தம் சொல்லாக இருந்திருப்பின் மூன்றையும் துண்டையும் குறிக்கும் எழுத்துகளாலேயே எழுதியிருப்பர். பொருளற்ற இரு எழுத்துகளை ஒலிக்காக மட்டும் எடுத்தாண்டமை, எழுதியவர்க்கு அஃது அயற்சொல் என்று தெரிந்திருந்ததைக் காட்டும். சீனரின் விளக்கத்தைப் படித்து நாம் முறுவலிக்கிறோம். அது பிறந்த அதே முறையில்தான் நம் விளக்கமும் பிறந்தது: தன் மொழியில் ஒலியொத்த சொல்லைத் தேடு, பொருள் சற்றே பொருந்தினால் மகிழ், வணிகத் தொடர்பைச் சான்றாக்கு.

இக்கருத்தை ஆங்கில அகராதிகள் ஏற்றுள்ளனவே என்பார்க்கு ஒன்று கூறலாம். பொது அகராதியின் சொற்பிறப்புக் குறிப்பு பெரும்பாலும் முந்தைய அகராதியின் குறிப்பைத் தழுவியது. ஒன்று ‘தமிழ்’ என்று எழுதினால் அடுத்ததும் எழுதும். அயலார் அகராதியை மேற்கோள் காட்டி நாம் எழுத, நம் கட்டுரையைச் சான்றாகக் கொண்டு அவர்கள் மீண்டும் எழுத, ஒரே கூற்று இரு சான்றாகத் தோற்றமளிக்கிறது. மலாய்த் தமிழ்க் கடன்சொற்களுள் ஐயமற்றவை பல உள. அவற்றின் பட்டியலில் ஐயத்துக்குரிய ஒன்றைச் சேர்ப்பதால் பட்டியல் நீள்கிறது. ஆனால் முதலையும் கடையையும் கட்டிலையும் பற்றி நாம் கூறும் உண்மைகளையும் அயல்நாட்டு ஆய்வாளர் ஐயுறத் தொடங்குவர். இவ்விழப்பு சிறிதன்று.

இவ்வினாவுக்கு விடை கிடைக்கக்கூடிய இடங்கள் உள. பழஞ்சாவகச் சுவடிகளிலும் ஒல்லாந்தர் காலச் சொற்பட்டியல்களிலும் இச்சொல்லின் முதல் வருகையைத் தேடித் தேதியிடல் வேண்டும். மலாக்காச் செட்டிகள் தமிழ் வழியினர், மலாய் பேசுவோர், வீட்டுச் சமையலில் பழைய வழக்குகளைப் போற்றுவோர். அவர்தம் அடுக்களைச் சொற்களை முறையாகத் தொகுத்தால், ஊனுக்கும் துண்டுக்கும் குச்சிக்கும் அவர்கள் வழங்கும் சொற்களில் ஒலிப்புடைத் தகரம் உண்டா, ஒலிப்பிலாத் தகரம் உண்டா என்பது தெரியவரும். ஒரு களப்பணியாளர் சில திங்களில் செய்து முடிக்கத்தக்க பணி இது.

அதுவரை மொழிபெயர்ப்பாளர் செய்யத்தக்கது எளிது. ‘சாத்தே’ என்று தகரத்தை இரட்டித்து எழுதுதல் வேண்டும். ‘சதே’ என ஒற்றையாக எழுதினால் தமிழ் வாசகர் அதனை ஒலிப்புடன் படிப்பர்; சொல்லும் சிதையும், பொய்யான உறவும் கண்முன் தோன்றும். முதல் வருகையில் ‘குச்சி’ என்னும் சொல்லை அருகில் அமைத்தால் பண்டத்தின் வடிவம் தானே விளங்கும், அடிக்குறிப்பு வேண்டுவதில்லை. முன்னர்க் குறிப்பிட்ட மொழிபெயர்ப்பாளர் நெடிய விவாதத்துக்குப் பின்னர் ‘பத்துக் குச்சி சாத்தே வாங்கினான்’ என்று திருத்த இசைந்தார். ‘பத்துக் குச்சிச் சாத்தே’ என ஒற்று மிகுமா என்னும் வினாவை மட்டும் அவர் விடவில்லை. அதில் அவர் கூறுவதே சரியாக இருக்கக்கூடும்.